எக்செல் ஹேங் ஆகி நிக்குது, மூடினா ஆர்டர் லிஸ்ட் போயிடுமா? அவசரம்!

செந்தூல் பலகாரம் | மாலை 3.42
வணக்கம். எக்செல் அப்படியே நிக்குது. மேல "நாட் ரெஸ்பாண்டிங்"னு வருது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. காலையில இருந்து தீபாவளி ஆர்டர் எல்லாம் இதுலதான் அடிச்சேன். யாருக்கு எத்தனை போத்தல் முறுக்கு, யாரு முன்பணம் கட்டிட்டாங்க, எல்லாமே. நாளைக்கு விடிஞ்சா மாவு பிசையணும். மூடவா வேணாமா? உடனே சொல்லுங்க.

கிள்ளான் வாசி | 3.47
விண்டோஸ் 10ஆ 11ஆ? கோப்புக்குப் பேர் வச்சு ஒரு தடவையாவது சேவ் பண்ணீங்களா? எதை அழுத்தினப்ப நின்னுச்சு? இது தெரியாம ஒன்னும் சொல்ல முடியாது.

பூச்சோங் தம்பி | 3.49
அக்கா, கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். எக்செலைப் பிடிச்சு எண்ட் டாஸ்க் குடுங்க. திரும்பத் திறந்தா கோப்பு தானா வந்துடும்.

கிள்ளான் வாசி | 3.50
தம்பி, அவசரப்படாதீங்க லா. ஆட்டோ ரிகவர் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் நகல் எடுக்கும், நாம மாத்தாத வரைக்கும். கடைசியா அடிச்சது அதுல இருக்கும்னு உறுதி கிடையாது. எண்ட் டாஸ்க் கடைசி வழி.

பழைய மதர்போர்டு | 3.55
அந்த அறிவிப்பைப் பார்த்ததுமே செயலி செத்துவிட்டதென்று எல்லாரும் முடிவு கட்டுகிறீர்கள். ஒரு ஜன்னல் 5 விநாடிகளுக்கு விண்டோஸ் அனுப்பும் செய்திகளை எடுத்துக்கொள்ளாவிட்டால் இது வரும், அவ்வளவுதான். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் சிபியு எண் ஏறி இறங்குகிறதா, 0-வில் நிற்கிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் காத்திருங்கள். 0 என்றால் அது வேறு எதற்கோ காத்துக்கிடக்கிறது. கேள்வி கேட்கும் முன் இந்த அளவாவது பார்த்துவிட்டு வர வேண்டும். ஆண்டுக்கணக்காக இதையே எழுதுகிறேன்.

செந்தூல் பலகாரம் | 3.58
விண்டோஸ் 10. அண்ணன் குடுத்த பழைய மடிக்கணினி. சேவ் பண்ணல, இன்னும் புக்1னுதான் இருக்கு. சிபியு 0.

ஈப்போ ரோடு | 4.01
பழைய மடிக்கணினின்னா ரேம் 4 ஜிபிதான் இருக்கும். லோயாட் கணினிக் கடைக்குப் போய் 8 ஆக்குங்க, ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. வேற வைத்தியமே கிடையாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச ஆதரவும் முடிஞ்சிருச்சு.

கிள்ளான் வாசி | 4.03
ரேம் பத்தாம திணறினா டிஸ்க் 100 சதவீதத்துல ஓடும், மத்த செயலியும் சேர்ந்து தள்ளாடும். இவங்களுக்கு எக்செல் மட்டும்தான் நிக்குது. இப்ப அந்த லிஸ்டைக் காப்பாத்தணும், கடைக்கு அப்புறம் போகலாம்.

பட்டர்வொர்த் அக்கா | 4.06
தங்கச்சி, வாடிக்கையாளர் பேரெல்லாம் தமிழ்ல அடிச்சீங்களா? எனக்கென்னவோ தமிழ்த் தட்டச்சுச் செயலி மேலதான் சந்தேகம். அதை நிறுத்திப் பாருங்கம்மா.

பழைய மதர்போர்டு | 4.09
ஆதாரமில்லாமல் தட்டச்சின்மீது பழி போடாதீர்கள். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. தமிழ்99 என்ற விசை அமைப்பைக் கற்றுக்கொண்டால் தனிச் செயலியே தேவையில்லை.

பட்டர்வொர்த் அக்கா | 4.12
தமிழ்99 நல்லதுதான், 1999ல சென்னை மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாட்டு அரசு ஏத்துக்கிட்டது. ஆனா 1985லயே முரசுங்கிற தமிழ் மென்பொருள் உருவான நாடு நம்ம மலேசியா. அம்மான்னு எழுத ஏ எம் எம் ஏ ஏன்னு தட்டிப் பழகின கை எங்களுக்கு. அம்பது வயசுல மாத்தச் சொல்றீங்களே.

ஈப்போ ரோடு | 4.14
என் பொண்ணு தமிழ்ப்பள்ளியில படிக்கிறா, தமிழ்99 ஒரே வாரத்துல வந்துருச்சு. மெய்யும் உயிரும் தனித்தனி பக்கத்துல இருக்கிறதால ரெண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். வேகம் தானா வரும்.

செந்தூல் பலகாரம் | 4.15
கடைசியா பிரிண்ட் குடுத்தேன். அதுல இருந்துதான் இப்படி.

கிள்ளான் வாசி | 4.16
இதைத்தான்மா முதல்லயே கேட்டேன். பிரிண்டர் ஆன்ல இருக்கா?

செந்தூல் பலகாரம் | 4.17
பிரிண்டரை தங்கச்சி கெப்போங் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

கிள்ளான் வாசி | 4.22
அப்ப உங்க லிஸ்ட் பொழைச்சிரும். இல்லாத பிரிண்டர் பதில் சொல்லும்னு எக்செல் காத்துக்கிட்டு நிக்குது, அதான் சிபியு 0. முதல்ல திரையை ஃபோன்ல படம் எடுத்து வைங்க, கண்ணுக்குத் தெரியிற வரிசையாவது மிஞ்சும். ஆல்ட் டேப் அழுத்தி, பின்னாடி ஏதாவது சின்னப் பெட்டி ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க, இருந்தா கேன்சல்.

இல்லன்னா டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் பக்கம் போங்க. எக்செல் மேல வலது கிளிக், "அனலைஸ் வெயிட் செயின்". எக்செல் எதுக்காகக் காத்திருக்குன்னு அதுலயே காட்டும். எஸ்பிஎல் டபிள்யூஓடபிள்யூ 64னு ஒரு பேர் இருந்தா அதை மட்டும் டிக் பண்ணி எண்ட் பிராசஸ் குடுங்க. 32 பிட் செயலிக்கும் 64 பிட் விண்டோஸ் பிரிண்டருக்கும் நடுவுல நிக்கிற ஆள் அது. அதை நிறுத்தினா எக்செல் மூடாது. எக்செலை டிக் பண்ணிடாதீங்க!

பழைய மதர்போர்டு | 4.25
சரியான யோசனை. அது பலிக்காமல் எக்செலை நிறுத்த வேண்டி வந்தால், மறுபடி திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் வொர்க்புக், "ரிகவர் அன்சேவ்ட் வொர்க்புக்ஸ்" என்று போகவும். பெயர் வைக்காத கோப்பின் நகல் இருந்தால் அங்கே கிடைக்கும்.

பூச்சோங் தம்பி | 4.40
அக்கா, என்னாச்சு?

பட்டர்வொர்த் அக்கா | 4.52
ஒரே வாரத்துல வந்துச்சுன்னா அந்தப் பாடம் எங்க கிடைக்கும்னு சொல்லுங்களேன். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

செந்தூல் பலகாரம் | இரவு 9.31
அந்த 64ஐ நிறுத்தினதும் எக்செல் அசைஞ்சிருச்சு. முதல் வேலையா சேவ் பண்ணிட்டேன். எல்லா ஆர்டரும் இருக்கு. கிள்ளான் அண்ணே, ரொம்ப நன்றி. மாவு சலிக்கப் போறேன்.

கிள்ளான் வாசி | 9.44
சந்தோஷம்மா. பிரிண்டர் திரும்பி வர்ற வரைக்கும் செட்டிங்ஸ்ல "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்"ங்கிறதை அணைச்சிட்டு, "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்"ஐ டிஃபால்ட்டா வைங்க. ஆட்டோ ரிகவரையும் 10ல இருந்து 2 நிமிஷமா குறைச்சிடுங்க.

ஈப்போ ரோடு | 9.50
அக்கா, பொண்ணோட பயிற்சித் தாளைப் படம் எடுத்து நாளைக்குப் போடுறேன். செந்தூல்காரங்களே, அச்சு முறுக்கு ஆர்டர் இன்னும் எடுக்கிறீங்களா?