பார்வையாளர் முன் படமாகும் சமையல் நிகழ்ச்சி: அடுப்பில் ஏற்றிய உணவுதான் தட்டுக்கு வருகிறதா?

கேள்வி:
அரங்கில் பார்வையாளர்களை அமர்த்திப் படமாக்கும் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளில், ஒரு மணி நேரம் வேக வேண்டிய உணவு சில நிமிடங்களில் தட்டுக்கு வந்துவிடுகிறது. நேரில் பார்ப்பவர்கள் முன்னிலையில் இது எவ்வாறு இயலுகிறது?

பதில் 1:
நறுக்கிய நிலை, பாதி வெந்த நிலை, முழுதும் முடிந்த நிலை என்று ஒரே உணவைப் பல படிகளில் உதவியாளர்கள் பின்புறச் சமையலறையில் முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பார்கள். சமையல் கலைஞர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி மூடியதும், ஏற்கெனவே வெந்த மற்றொன்றை எடுத்துத் தொடர்வார். அரங்கில் இருப்பவர்களுக்கு இது வெளிப்படையாகவே தெரியும் என்பதால், இதை ஏமாற்று என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வேகும் நேரத்தைச் சரியாகச் சொல்லாமல் விடுவதுதான் உண்மையான குறை. வீட்டில் சமைப்பவரை அதுவே தடுமாற வைக்கிறது.

பதில் 2:
பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பாத்திரத்தின் உட்புறம் தெரியாது. அடுப்புக்கு மேலே பொருத்திய கேமரா காட்டுவதை அரங்கத் திரைகளில்தான் பார்ப்பார்கள். ஆனாலும் பார்வையாளர்கள் வெறும் அலங்காரம் அல்லர். 1997இல் அமெரிக்காவின் ஃபுட் நெட்வொர்க்கில் எமெரில் லகாசி நடத்தத் தொடங்கிய 'எமெரில் லைவ்' நிகழ்ச்சியில், அவர்களுடைய ஆரவாரமும் மேடை இசைக்குழுவும் சமையலோடு ஒன்றாகவே கலந்திருந்தன.

பதில் 3:
சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் முன்வரிசையினர் சிலருக்கே கிடைக்கும். காட்சியை மீண்டும் எடுக்க நேர்ந்தால் அந்த உணவும் ஆறிவிடும்.