கறுப்பினக் கற்கை மாணவருக்குச் செய்முறை வேலை: வன்னியில் இருந்துகொண்டு என்ன செய்விக்கலாம்?

பம்பைமடு விரிவுரையாளர்

வணக்கம். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கறுப்பினக் கற்கைகள் (ஆபிரிக்க வழிவந்த மக்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய படிப்பு) தெரிவுப் பாடமாக நடக்கப்போகிறது. 18 பேர், 15 வாரம், வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம். வாசிப்புக்குப் பஞ்சமில்லை. வாசித்துவிட்டுக் கட்டுரை எழுதி முடிப்பதோடு பாடம் நின்றுவிடக் கூடாது என்பதுதான் கவலை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அடுத்த மார்ச் வரை நின்று பிடித்துத்தான் இந்தத் துறைக்குக் கல்லூரியில் முதன்முதலாக ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்த பாடத்தைக் கதிரையில் இருத்தியே படிப்பிக்க மனம் வரவில்லை.

அமெரிக்க ஆவணக்காப்பகங்களுக்குப் போக வழியில்லை. வளாக இணையம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. காசும் அதிகம் இல்லை. பிள்ளைகள் கையால் செய்து படிக்கக்கூடியதாக என்ன உண்டு? செய்து பார்த்த கணக்கோடு, எங்கே பிழைக்கும் என்பதோடு சொன்னால் பெரிய உதவி.

முள்ளியவளை

அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பொய்ஸின் வரைபடங்களில் தொடங்குங்கள், மிஸ். 1900 பரிஸ் கண்காட்சிக்காக அற்லான்ரா பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர்களும் கையால் வரைந்தவை. அறுபதுக்கு மேல் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் பதிப்புரிமைத் தடை இல்லாமல் கிடக்கின்றன. இணையம் நன்றாக இருக்கும் ஒருநாள் இறக்கிப் பென்டிரைவில் போட்டால் பிறகு இணையமே தேவையில்லை.

எல்லாவற்றையும் காட்டாதீர்கள், ஒன்றை எடுத்து வரையச் சொல்லுங்கள். என் தெரிவு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து நகர, கிராமக் கறுப்பின மக்கள்தொகையைக் காட்டும் 1890ஆம் ஆண்டுப் படம். அதிலுள்ள எண்கள் நான்குதான்: பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களில் 78,139; ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரையான நகரங்களில் 8,025; 2,500 முதல் ஐயாயிரம் வரை 37,699; மீதி, கிராமப்புறத்தில் 734,952. முதலில் கூட்டச் சொல்லுங்கள், 858,815 வரவேண்டும்.

அளவுத்திட்டம்: 1 செ.மீ.க்கு 5,000 பேர். அதே வரிசையில் பச்சைக் கோடு 15.6 செ.மீ., நீலம் 1.6, மஞ்சள் 7.5. சிவப்பு 147 செ.மீ.! மூல அட்டை ஏறத்தாழ 71க்கு 56 செ.மீ., அதாவது 28க்கு 22 அங்குலம். 147 அதில் நேராக அடங்காது. பிள்ளைகள் திகைத்து நிற்கும் அந்த இடத்தில்தான் அவர் ஏன் கோட்டைச் சுருட்டினார் என்று கேட்கவேண்டும். கறுப்பின மக்கள் எவ்வளவு பெரிய பங்கினர் நாட்டுப்புறத்தில் நின்றார்கள் என்பது அந்தச் சுருளைக் கையால் வரைகிறபோது உறைப்பதுபோல வாசிப்பில் உறைக்காது.

சுருளுக்கு இலேசான முறை: கிடைக்கோடு ஒன்று கீறி அதில் 1.5 செ.மீ. இடைவெளியில் அ, ஆ என்று இரண்டு புள்ளி. அ-வை மையமாக வைத்து மேலே 3 செ.மீ. ஆரை அரைவட்டம். ஆ-வை மையமாக வைத்துக் கீழே 4.5. திரும்ப அ-வில் 6, ஆ-வில் 7.5, பிறகு 9, 10.5. ஆறு அரைவட்டமும் சேர்ந்து 127.2 செ.மீ. ஏழாவது, ஆரை 12; அதில் 94 பாகை மட்டும் வரைந்தால் 147 நிரம்பிவிடும். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் 1 செ.மீ. விட்டால் பட்டை 2 செ.மீ. அகலம், சுற்றுகளுக்கு நடுவே 1 செ.மீ. வெள்ளை நிற்கும்.

பெட்டியில் வரும் கவராயம் பெரிய ஆரைகளுக்கு விரியாது. நூல் கட்டி வரைந்தால் நூல் இழுபடும், ஆரை மாறும். தடித்த அட்டையில் ஒரு கீலம் வெட்டி, குண்டூசிக்கு ஒரு துளையும் பென்சிலுக்கு அளவு அளவாகத் துளைகளும் போடுங்கள்.

வழக்கமான பிழை 147ஐப் பட்டையின் வெளி விளிம்பில் அளப்பது. அப்படி அளந்தால் நடுக்கோடு 19 செ.மீ. குறைந்துபோகும், 95,000 பேர் படத்திலிருந்து காணாமல் போவார்கள். இன்னொன்று போஸ்ரர் கலர். தண்ணீர் கூடினால் பிறிஸ்டல் போட் நெளியும். அட்டையின் நாலு விளிம்பையும் மாஸ்கிங் ரேப்பால் பலகையில் ஒட்டி, தடித்த கலவையாக இரண்டு பூச்சு, முதலாவது காய்ந்த பிறகு மற்றது. எழுத்தைக் கடைசியில் போடவேண்டும். மார்க்கரின் மேல் கலர் பூசினால் மை ஊறி வரும். தமிழ்ச் சொல் நீளமானது, பெயருக்கு இடத்தை முதலே ஒதுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு ஓர் அட்டை, ஒன்பது அட்டை. மூன்று வாரம் போதும்.

செட்டிகுளம்

முள்ளியவளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான்காவது வாரம் அதே படத்தை வன்னித் தரவோடு வரையச் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். வரையட்டும். ஆனால் மாவட்டச் செயலகப் புள்ளிவிபரக் கையேட்டை எடுத்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டுக்கும் நகர மக்கள்தொகை பூச்சியம் என்று வரும். பிள்ளைகள் அச்சுப்பிழை என்பார்கள். பிழையில்லை. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் நகரம். அந்த இரண்டு மாவட்டத்திலும் பிரதேச சபைகள் மட்டுமே. கிளிநொச்சிச் சந்தியில் வங்கியும் பேருந்து நிலையமும் நெரிசலும் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் அது கிராமம்.

இதை மறைக்காமல் பாடமாக்குங்கள், ரீச்சர். டு பொய்ஸின் படம் நகரத்தை ஆட்தொகையால் பிரித்தது, நம்முடைய கையேடு சபையின் வகையால் பிரிக்கிறது. எண்ணுகிறவர் எங்கே கோடு போட்டார் என்று கேட்கப் பழகுவதே இந்தத் துறையின் பாதி. பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக எடுத்து, வகையைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். காரணத்தை அட்டையின் அடியில் இரண்டு வரியில் எழுதவேண்டும்.

கால வரிசைக் கோடு வரைந்தால் இன்னும் கவனம். 1981க்குப் பிறகு 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012தான். கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்த மாவட்டம்; 1981 எண் என்று அச்சிட்டிருப்பது பின்னால் பிரித்துக் கணக்கிட்டது. 1981ஐயும் 2012ஐயும் நேர்கோட்டால் தொடுத்தால் நடுவில் போன 31 வருடமும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

அதேநேரம், ஜோர்ஜியாவும் வன்னியும் ஒன்று என்று எழுத விடாதீர்கள். முறையை இரவல் வாங்கலாம். ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் பாட்டுக்கு உவமையாக்குவது இருவருக்கும் நீதியாகாது.

மன்னார்த் தீவு

அடுத்த பகுதிக்கு வாய்மொழி வரலாறு. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகளிடம் 2,300க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் எடுத்தது. அவையும் இலவசம். தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே கண்டார்கள். ஒருவர் வெள்ளையினப் பெண். நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று மூதாட்டி நினைத்தார். அவரிடம் எசமான் நல்லவர் என்றார். கறுப்பினத்தவரான மற்றவரிடம் சவுக்கடியையும் குடும்பங்களைப் பிரித்து விற்றதையும் சொன்னார். இரண்டு பிரதியையும் பெயர் மறைத்துப் பாதி வகுப்புக்கு ஒன்று, மற்றப் பாதிக்கு மற்றது கொடுங்கள். ஒரே ஆள் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

அதன்பிறகு எழுத்துப்படி. மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிடவேண்டும். ஊர்ப் பெரியவர் "அவையள் வந்தவை, நாங்கள் ஓடினனாங்கள்" என்று சொல்லியிருப்பார். ஒரு பிள்ளை "அவர்கள் வந்தார்கள், நாங்கள் ஓடினோம்" என்று திருத்தி எழுதியிருக்கும். இன்னொரு பிள்ளை கேட்ட ஒலியையெல்லாம் கூட்டிக் குறைத்து எழுதி, அவரைக் கேலிக்கு ஆளாக்கியிருக்கும். அந்த வாக்குமூலங்களில் வெள்ளையின நேர்காணல்காரர் செய்ததும் இதுதான்: பேச்சை வலிந்து கொச்சையாக எழுதினார்கள். வகுப்பே கூடி ஒரு பக்க எழுத்து விதி போடட்டும்.

ஒலிப்பதிவுக்குப் போன் போதும். அழைப்பு வராதபடி போனை விமான நிலையில் (flight mode) போட்டு, வேவ் கோப்பாக, பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தவேண்டும், காதுக்கு அது பழகிவிடும், பதிவில் சொல்லை விழுங்கும். தகரக் கூரை வீட்டில் மழைக் குணம் கண்டால் நாளை மாற்றுங்கள். தொடங்கும்போதே பெயர், இடம், திகதி, சம்மதம் நான்கையும் குரலில் பதிய வேண்டும். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் சுருங்கிப் பழுதாகும், வயர் போட்டு எடுங்கள். ஒரு மணித்தியாலப் பதிவை எழுத ஆறு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். அதனால் ஆளுக்கு 20 நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

பம்பைமடு விரிவுரையாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. வகை பிரித்த காரணத்துக்கும் எழுத்து விதிக்கும் பாதிப் புள்ளி கொடுக்க நினைக்கிறேன், வடிவான அட்டைக்கு அல்ல. இன்னொரு கேள்வி. புத்தளம் சிராம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். அநுராதபுரம் வழியாக 130 கிலோமீற்றர் அளவில். ஒருநாள் பஸ் பிடித்துக் கூட்டிப்போகலாமா?

மன்னார்த் தீவு

பஸ்ஸோடு 18 பேர் போய் இறங்கவேண்டாம், மிஸ். அவர்களுடைய மஞ்சாப் பாட்டைப் பாடச் சொல்லி, கைதட்டி, படம் பிடித்துத் திரும்புகிற கூட்டத்தை அந்தச் சனம் நிறையப் பார்த்துவிட்டது. முதலில் நீங்கள் மட்டும், ஓர் உதவியாளரோடு போங்கள். அவர்கள் இன்று பேசுவது பெரும்பாலும் சிங்களம். பாட்டில்தான் கிரியோல் போர்த்துக்கேயம், அதாவது உள்ளூர்ப் பேச்சோடு கலந்த போர்த்துக்கேயம், நிற்கிறது. ஆகையால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கட்டாயம். அவர்களுக்கு எது தேவை என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடவேண்டும்.

சம்மதித்தால் இரண்டாம் முறை நாலு பிள்ளைகள். அதற்கு முன் வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பின்னணி: போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஆபிரிக்கர் இங்கே கொண்டுவரப்பட்டது, பிரித்தானியர் மொசாம்பிக்கில் பிடிபட்டவர்களை வாங்கி இலங்கைப் படைப்பிரிவில் சேர்த்தது, இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. வடக்கில் சாதியோடு கட்டுண்ட அடிமைமுறை இருந்ததையும் அதே மூச்சில் பேசுங்கள். இல்லையென்றால் அடிமைமுறை எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் போவார்கள்.

"காப்பிரி" என்ற சொல்லை நம்மூரில் ஏச்சாகப் பாவிக்கிறார்கள். அந்தப் பெயரைத் தங்களுடையதாக வைத்திருப்பவர்களும் அங்கே உண்டு. எப்படி அழைப்பது என்று அவர்களையே கேட்டு, எழுத்துப்படியிலும் அதையே எழுதுங்கள்.

பாடுபவருக்கு அன்றைய வேலைக்கூலியைக் கொடுங்கள், சாப்பாட்டுப் பார்சல் கூலியாகாது. கரண்டி, சிரட்டை, போத்தல் எல்லாம் தாளத்துக்கு வரும். ஒரே போனில் பதிந்தால் தாளம் குரலை மூடும். ஒரு போன் பாடுபவருக்குப் பக்கத்தில், மற்றது நாலு மீற்றர் தள்ளி. தொடக்கத்தில் ஒருமுறை உரக்கக் கைதட்டினால் பிறகு இரண்டு பதிவையும் அந்த ஒலியில் பொருத்தலாம். வெட்டாத முழுப்பதிவைப் பென்டிரைவில் போட்டு, அடுத்த மாதத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வகுப்புக்கு வெளியே போட முன்னம் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்கவேண்டும்.