பல வருடக் கடனோடு விவசாயம் செய்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டு வருமானம் முழுக்க நிலத்திலிருந்துதான். ஒரு போகம் பொய்த்தால் சமாளிக்கத் தெரியும்: செலவைச் சுருக்குவோம், டிராக்டர் பழுதைத் தள்ளிப்போடுவோம். ஆனால் 5 வருடமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். உரம், டீசல், கூலிக்கு முதலிலேயே பணம் போய்விடுகிறது. விலை மட்டும் அறுவடைக்குப் பிறகுதான் தெரிகிறது. எல்லோருடைய விளைச்சலும் ஒன்றாகச் சந்தைக்கு வருவதால் அதுவும் இறங்கிவிடுகிறது. பயிர்க்கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அது குறுகிய காலக் கடன் என்பதே மறந்துபோயிற்று.

கணவர் வெளிவேலைக்குப் போகலாம் என்கிறேன் நான். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்கிறார் அவர். (விற்பது பற்றி மாமனாரிடம் வாயே திறக்க முடியாது, அது தனிக்கதை.) வெளிவேலை என்றால் மாதச் சம்பளம் வரும், சரி. வயல்வேலை யார் தலையில் விழும்? என் தலையில்தான்.

இதைக் கடந்து வந்தவர்களைக் கேட்கிறேன். பயிர்க்கடனை நீண்டகாலத் தவணையாக மாற்றியது மூச்சுவிட உதவியதா, இல்லை மொத்த வட்டிதான் கூடியதா? வீட்டுக் கணக்கையும் விவசாயக் கணக்கையும் எப்படிப் பிரித்தீர்கள்? அப்புறம், பிள்ளைகளிடம் எவ்வளவு சொன்னீர்கள்? பெரியவளுக்கு 14 வயது. நாங்கள் மெதுவாகப் பேசினாலும் அவள் காதில் விழுகிறது.