வெர்டஸ் ஜிடி: வெள்ளத்தில் நின்ற வண்டியா, எப்படி உறுதி செய்வது?

பழைய ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் ஜிடி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2022 செப்டம்பர் பதிவு, 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், 34,000 கி.மீ., முதல் ஓனர், சென்னை வேளச்சேரி. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 150 பிஎஸ் இழுவை அப்படியே இருக்கிறது. சந்தேகமெல்லாம் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம்தான்.

டிரைவர் சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் ரீலுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் கறை. ஸ்டெப்னி குழி சுத்தம், சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தம்.

ஓபிடி ஸ்கேனில் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிப்பது) எரர் எதுவும் வரவில்லை. ஆனால் ரெடினெஸ் மானிட்டர்கள் (புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கார் தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள்) பாதி முடியாமல் நிற்கின்றன. சமீபத்தில் யாரோ எரரை அழித்திருக்கலாம் (பேட்டரியைக் கழற்றினாலும் இப்படிக் காட்டும், தெரியும்). சர்வீஸ் ஹிஸ்டரியில் வெள்ளம் பற்றிய பேச்சே இல்லை. 2024 இன்சூரன்ஸ் பாலிசியில் மட்டும் என்சிபி (கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) பூஜ்யம். பம்பர் கிளெய்ம் என்கிறார் ஓனர். இருக்கலாம். கார்பெட்டைத் தூக்கவோ கன்சோலைக் கழற்றவோ விடமாட்டேன் என்கிறார். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் இருப்பது அந்தக் கன்சோலுக்கு அடியில், அதுதான் உறுத்துகிறது.

டிரிம் எதையும் கழற்றாமல், தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதை இந்த மாடலில் எங்கே பார்த்தால் உறுதியாகத் தெரியும்?