கலியாண மண்டபத்தில் ஒருநாள் பிள்ளை பார்க்க எவ்வளவு கேட்பது? காப்புறுதி செல்லுமா?

ஹரோ சைல்ட்மைண்டர்

வணக்கம். ஆறு வருடமாக ஒஃப்ஸ்டெட்டில் (இங்கிலாந்தில் பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிந்து, லண்டன் ஹரோவில் சைல்ட்மைண்டராக என் வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறேன். முன்பு என்னிடம் பிள்ளை விட்ட ஒரு தாய் போன கிழமை தொலைபேசி எடுத்தார். இன்னும் ஐந்து கிழமையில் அவருடைய தம்பிக்குக் குறொய்டனில் கலியாணம். "நீங்கள் வந்து மூன்று பேரையும் பார்த்தால்தான் அக்கா, நான் மணவறைப் பக்கம் நிற்க முடியும்" என்கிறார். பிள்ளைகளுக்கு 14 மாதம், மூன்று வயது, ஆறு வயது. சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மணிக்கு 7 பவுண் வாங்குகிறேன். அந்தக் கணக்கில் 189 பவுண் வருகிறது. பழகிய குடும்பம், கூட்டிக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் போக வர 40 மைல், சனிக்கிழமையும் போய்விடும்.

காப்புறுதிப் பத்திரத்தை இரண்டு முறை வாசித்தேன். பூங்கா, நூலகம் என்று வெளியே கூட்டிப்போவது பற்றி இருக்கிறது. மண்டபம் பற்றி ஒரு வரியும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் நனி

ஒரு வரியும் இல்லை என்றால் செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், காப்புறுதிக்காரர் எழுத்தில் செல்லும் என்று சொல்லும் வரைக்கும். நான் சைல்ட்மைண்டராக இருந்து, பிறகு பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நனி ஆனவள். அப்படிப் போய்ப் பார்த்த முதல் நாளே பழைய காப்புறுதி அதற்குச் செல்லாது என்று தெரிந்து, நனிக் காப்புறுதி தனியாக எடுத்தேன். மண்டபம் உங்கள் வீடும் இல்லை, பிள்ளைகளின் வீடும் இல்லை.

காரையும் மறக்க வேண்டாம். வேலைக்காக ஓடுவதால் வாகனக் காப்புறுதியில் பிசினஸ் யூஸ் (தொழிலுக்கு ஓடும் அனுமதி) இருக்க வேண்டும்.

தூட்டிங் அக்கா

தங்கச்சி, நான் இதைச் செய்து பட்டவள். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் காசு. வீட்டில் பிள்ளைக் கணக்கு சரி, ஏனென்றால் ஒரு பிள்ளை போனாலும் மற்றப் பிள்ளைகள் இருக்கும், அடுப்பும் உங்களுடையது. வெளியே போனால் அவர்கள் வாங்குவது உங்களுடைய முழு நாளை. காலை எட்டுக்குக் கதவைப் பூட்டினால் இரவு ஏழுக்குத்தான் திறப்பீர்கள், 11 மணித்தியாலம். 189ஐ அதால் பிரித்துப் பாருங்கள், மணிக்கு 17 பவுண் சொச்சம். அதிலிருந்துதான் பெற்றோல், விளையாட்டுப் பொருட்கள், வரி எல்லாம். நான் வெளியே போனால் பிள்ளை எத்தனை என்று பார்க்காமல் மணிக்கு 25 வாங்குகிறேன், ஆகக் குறைந்தது ஐந்து மணித்தியாலம். உங்கள் கணக்குக்கு 225. மைலுக்கு 45 பென்ஸ்படி 40 மைலுக்கு 18. மொத்தம் 243 பவுண். கால்வாசியை முற்பணமாக வாங்குங்கள். பழகிய குடும்பம் என்பதால்தான் இதை முதலே வடிவாகச் சொல்ல வேண்டும். கலியாணம் முடிந்த களைப்பில் காசுக் கதை வந்தால்தான் உறவு கெடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பிள்ளைகள் பார்க்க ஒப்புக்கொண்டு ஒரு மண்டபத்துக்குப் போனேன். ஒரு மூலையில் பாய் விரித்து, கலர் பென்சில், பில்டிங் புளொக் எல்லாம் பரப்பினேன். அவ்வளவுதான், பார்க்கிற மாமிமார் எல்லாரும் "அக்கா, இவனையும் ஒரு நிமிடம்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். தாலி கட்டும் நேரம் எண்ணினேன், 11 பேர். இரண்டு வயதுப் பையன் ஒருவன் தீக்கதவின் கம்பியில் சாய்ந்தான். கதவு அவன் பாரத்துக்கே திறந்துவிட்டது. நான் திரும்பும்போது பாயில் அவனுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு வான்களுக்கு நடுவில், பலூன் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீறல்கூட இல்லை. அன்று இரவு என் கை நடுங்கியது நிற்கவே இல்லை. அந்தப் பையனின் தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்கு ஒப்பந்தம் இருந்தது நான்கு பேருக்குத்தான். அவனுக்கு ஏதாவது நடந்திருந்தால் எந்தக் காப்புறுதியைக் காட்டியிருப்பேன்?

அதனால் ஒப்பந்தத்தில் மூன்று பிள்ளைகளின் பெயரும் எழுதி, "வேறு எவரையும் ஏற்கமாட்டேன்" என்ற வரியையும் போடுங்கள். அதை மற்றவர்களுக்குச் சொல்வது தாயின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. ஒவ்வாமை இருக்கிறதா என்று கேளுங்கள், லட்டில் முந்திரிப்பருப்பு இருக்கும். பெரிய மண்டபம் வேண்டாம், பக்கத்தில் மணமகள் அறை மாதிரி ஒரு சின்ன அறை தரச் சொல்லுங்கள்.

வெம்ப்ளி

ஒஃப்ஸ்டெட் பக்கத்தை யாரும் தொடவில்லை. பெற்றோர் அதே இடத்தில் இருந்து, ஒரு பிள்ளை நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இல்லாவிட்டால் பதிவு கட்டாயமில்லை. உங்களுக்கு ஒன்பது மணித்தியாலம், அந்த விலக்குப் பொருந்தாது. ஆனால் ஓரிடத்தில் வருடத்துக்கு 14 நாளோ குறைவாகவோ பார்ப்பதற்கு வேறொரு விலக்கு இருக்கிறது. அதற்குத் தொடங்குமுன் 14 நாளாவது இருக்க ஒஃப்ஸ்டெட்டுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஐந்து கிழமை இருக்கிறது, இன்றைக்கே எழுதுங்கள். நீங்கள் ஏற்கனவே பதிந்தவர் என்பதையும் சொல்லி, மண்டபத்துக்கு வேறு என்ன வேண்டும் என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். காப்புறுதிக்காரரும் அந்தப் பதிலைத்தான் கேட்பார்கள்.

ஹரோ சைல்ட்மைண்டர்

எல்லாருக்கும் நன்றி. தூட்டிங் அக்கா, அந்த ஒற்றைச் செருப்பை வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

நேற்று காப்புறுதிக்காரரோடு கதைத்தேன். தேதி, மண்டப முகவரி, எத்தனை பிள்ளைகள், வயது, எத்தனை மணித்தியாலம், ஒஃப்ஸ்டெட் என்ன சொன்னது என்று எல்லாம் கேட்டார்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் தாருங்கள் என்றேன். ஒஃப்ஸ்டெட் பதிலை அனுப்பினால் தருவதாகச் சொன்னார்கள். ஒஃப்ஸ்டெட்டுக்கு இன்று காலை எழுதிவிட்டேன்.

தாயிடம் 243 பவுண் என்றும், இரண்டு பதிலும் கைக்கு வந்த பிறகுதான் முடிவான பதில் என்றும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி அக்கா, அறை ஒன்று கேட்டு வைக்கிறேன்" என்றார். முற்பணத்தையும் அந்தப் பதில்கள் வந்த பிறகே வாங்குவேன்.

தூட்டிங் அக்கா

மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் கைப்பட்டி வாங்குங்கள். தாயின் தொலைபேசி இலக்கத்தை அதில் எழுதிவிடுங்கள்.