ஃபெரல் ஆட்டுக்குத் தமிழில் என்ன?

(பேசுகிறவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறது. ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ், கியூர்பிப் மூன்றும் மொரீஷியஸ் ஊர்கள்.)

ரோஸ் ஹில், ஆசிரியை:
வணக்கம். புதன்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். பாடம் ரவுண்ட் ஐலண்ட், நம் மொரீஷியஸுக்கு வடக்கே இருக்கிற சின்னத் தீவு. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட ஆடும் முயலும் தீவையே மேய்ந்து மொட்டையாக்கின. 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் ஒழித்த பிறகுதான் செடிகொடிக்கு உயிர் வந்தது. வீட்டு வளர்ப்பை விட்டுத் தானாகத் திரிந்த அந்த ஆடுகளை ஆங்கிலத்தில் ஃபெரல் என்கிறார்கள். போன வருடம் 'காட்டு ஆடு' என்று போட்டோம். ஒரு பையன், "டீச்சர், இது வீட்டுக்கு வருவதற்கு முந்தின ஆடா, வந்துவிட்டுப் போன ஆடா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

டர்பன்:
பையனைப் பாராட்டுங்கள் தங்கச்சி. காட்டுப்பூனை என்பதும் தனி இனம், வீட்டைவிட்டுப் போன பூனை இல்லை. குறுந்தொகையில் மனையுறை கோழியும் உண்டு, கானங்கோழியும் உண்டு. நமக்கு வேண்டியது மனையிலிருந்து கானுக்கு மீண்டது. ஆகவே 'கான்மீளி'.

போர்ட் லூயிஸ்:
மீளி என்றால் வீரன் ஐயா. ஆட்டுக்கு வீரப்பட்டமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

கியூர்பிப்:
நான் பிறந்தது யாழ்ப்பாணம். எங்கள் ஊரில் 'கட்டாக்காலி மாடு' என்று எல்லோரும் சொல்லுவினம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், சுத்தத் தமிழ், பாமரருக்கும் விளங்கும். இதைவிட என்ன வேண்டும்?

ரோஸ் ஹில், ஆசிரியை:
எனக்கும் பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் கட்டாக்காலிக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறாரே? பயிரை மேய்ந்துவிட்டுப் பொழுதுபட்டால் பட்டிக்கு வந்துவிடுமே? ரவுண்ட் ஐலண்ட் ஆட்டுக்குப் பட்டியே கிடையாது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே குட்டி போட்டது.

ரீயூனியன்:
நம் தீவுகளில் பேசுகிற கிரியோல் மொழியில் 'மாரோன்' இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? தப்பி ஓடிய அடிமைக்கும் காட்டுக்குப் போன பன்றிக்கும் அதே சொல். மூலம் ஸ்பானிய 'சிமரோன்', அதை முதலில் மலைக்கு ஓடின மாட்டுக்குத்தான் சொன்னார்கள்.

டர்பன்:
மாடா! அப்படியானால் 'ஓடுகாலி'. காலி என்றால் ஆநிரை, கட்டாக்காலியில் வருகிற அதே காலி. மாட்டுக்கு வைத்த பெயர் பிறகு மனிதருக்குப் போயிருக்கும், சிமரோன் போலவே.

கியூர்பிப்:
அது காலியும் இல்லை, ஆநிரையும் இல்லை. ஓடுகிற காலை உடையது ஓடுகாலி, அவ்வளவுதான்.

போர்ட் லூயிஸ்:
வீட்டைவிட்டுப் போன பெண்ணை ஏச வைத்திருக்கிற சொல் அது. இங்கே மாரோன் என்றால் லெ மோர்ன் மலை நினைவுக்கு வரும். அடிமைகள் தப்பி ஒளிந்த இடம் என்றுதான் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஓடுகாலியா? அப்புறம் மாரோனையும் அப்படியே எடுக்க முடியாது, உரிமம் இல்லாத டாக்சியும் இங்கே மாரோன்தான்.

கியூர்பிப்:
சரி, 'காடேறி ஆடு'?

ரீயூனியன்:
காட்டேரி என்று வாசித்துவிட்டு என் பாட்டி ஆட்டுக்குப் பூசை போடச் சொல்லுவார்.

போர்ட் லூயிஸ்:
'காடேறிய ஆடு' என்று பெயரெச்சமாக எழுதினால் பேய் போய்விடும். ஆனால் ஒன்று, குரங்கையும் அப்படிச் சொல்லலாமா?

ரோஸ் ஹில், ஆசிரியை:
கூடாது. குரங்கை நாம் இனம் தேர்ந்து வளர்த்ததே இல்லை. 1639இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானும் அப்படித்தான், அது வந்தேறி, காடேறியது இல்லை. பழக்கிப் பிடித்த யானை தப்பினாலும் அது காட்டு யானைதான். மனிதன் தலைமுறை தலைமுறையாக வளர்த்து மாற்றிய இனம் திரும்பிப் போனால் மட்டுமே காடேறியது. இந்த வேறுபாட்டையும் தாளில் போட்டுவிடுகிறேன். மூன்று பேர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன், இனிமேல் பொறுக்க முடியாது. வகுப்பில் வாயால் மாரோன் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன், அது வேறு விஷயம்.

டர்பன்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பெயரெச்சம் கலைச்சொல் ஆகாது. நாளைக்கு அந்த நிலைக்கே ஒரு பெயர் வேண்டும் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 'காடேறியமை' என்பீர்களா? கான்மீட்சி எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.