அதிபர்களைப் பற்றிய சிரிப்புக் காமிக்ஸ் படிக்கும் மகளுக்கு அமெரிக்க அரசாங்கத்தை எப்படிப் புரியவைப்பது?

ஐந்தாம்வகுப்பு_அம்மா, நியூ ஜெர்சி

என் மகள் நூலகத்திலிருந்து அமெரிக்க அதிபர்களைப் பற்றிய காமிக்ஸாகவே அள்ளிக்கொண்டு வருகிறாள். கூலிட்ஜ் வெள்ளை மாளிகையில் ரக்கூன் வளர்த்தது, தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிள்ளைகள் குதிரைக்குட்டியை லிஃப்டில் ஏற்றியது, டாஃப்ட் குளியல் தொட்டியில் மாட்டிக்கொண்டது எல்லாம் மனப்பாடம். ஆனால் "அதிபருக்குப் பிடிக்காத மசோதா வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "கிழித்துப் போட்டுவிடுவார்" என்கிறாள். அவள் மனதில் அதிபர் ஒரு ராஜா. நான் பள்ளியில் படித்ததோ பிரதமரும் நாடாளுமன்றமும். யாரும் சொல்லாமல் அவளாக எடுத்துப் படிப்பது இந்தக் காமிக்ஸ் மட்டும்தான், அதனால் நிறுத்தச் சொல்ல மனமில்லை. இதிலிருந்தே அரசாங்கம் நடக்கும் விதத்துக்கு அவளைக் கொண்டுபோக முடியுமா?

பழையபுத்தகம்

நிறுத்தாதீர்கள். ஆனால் ஒன்று, டாஃப்ட் தொட்டியில் மாட்டிக்கொண்டதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அவருக்காகப் பெரிய தொட்டி செய்ததும், அதற்குள் நான்கு பேர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதும் உண்மை. வாஷிங்டனின் மரப்பல்லும் கட்டுக்கதைதான். சிரித்துக்கொண்டே படித்தது சீக்கிரம் மறக்காது என்பதால், இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமை_கார்ட்டூன்

வணக்கம் சகோதரி. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் வரையச் சொல்லித் தருகிறேன். இந்த "ராஜா" எண்ணம் அங்கே வரும் பிள்ளைகளிடமும் உண்டு. ரக்கூனும் குதிரையும் அதிபரின் வீட்டைக் காட்டுமே தவிர வேலையைக் காட்டாது. அவர் நினைத்தது நடக்காமல் போகும் இடங்களில்தான் அரசாங்கம் தெரியும், நல்ல சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது.

நான் முதலில் சொல்வது 1789 ஆகஸ்ட் மாதக் கதை. அப்போது தலைநகரம் நியூயார்க். தெற்கிலிருந்த பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்வது பற்றி ஆலோசனை கேட்க, வாஷிங்டன் தானே செனட்டுக்குப் போனார் (அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ், அதன் இரண்டு அவைகளில் ஒன்றுதான் செனட்). துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் தாளைச் சத்தமாக வாசிக்கிறார். வெளியே வண்டிகள் கடகடவென்று ஓடுவதால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வாசிக்கிறார். அப்புறம் ஒரு செனட்டர், குழுவிடம் விட்டு யோசித்துச் சொல்கிறோம் என்கிறார். வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கட்கிழமை திரும்பி வந்து ஒப்புதல் வாங்கினார், ஆனால் அப்படி ஆலோசனை கேட்க நேரில் போவதை அதோடு விட்டுவிட்டார். போரில் வென்ற தளபதி, நாட்டின் முதல் அதிபர், அவரையே காத்திருக்க வைத்தார்கள்! இதைக் கட்டம் கட்டமாக வரையும்போது, ஒப்பந்தத்துக்கு செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது வீட்டோ, அதாவது அதிபர் ஒரு மசோதாவை மறுப்பது. உங்கள் மகளின் பதிலுக்கு நேரான விஷயம். அதிபர் மசோதாவைக் கிழிக்க முடியாது, காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் அவர் கையெழுத்து இல்லாமலே அது சட்டம். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டோக்களில் 15-ஐக் காங்கிரஸ் இப்படி முறியடித்தது. மசோதா வந்தும் அதிபர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? ஞாயிறு நீங்கலாக 10 நாள் கழிந்ததும் அதுவே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தொடர் முடிந்து கலைந்துவிட்டால் மசோதா செத்துப்போகும். நாட்காட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அதிபரை வரையப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும்.

அட்லாண்டா_வாசகி

எனக்கு ஒரு கவலை உண்டு. ஆண்ட்ரூ ஜாக்சன் என்றால் இந்தப் புத்தகங்களில் வருவது 1,400 பவுண்டு பாலாடைக்கட்டி. ஊர் ஜனம் வெள்ளை மாளிகைக்குள் புகுந்து தின்று தீர்த்த கதை. 1830-இல் பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அதே ஜாக்சன்தான். 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் அவர்கள் நிலம் தப்பவில்லை. நீதிமன்றத்திடம் படை இல்லை, அதிபர் ஏற்று நடத்தினால்தான் தீர்ப்புக்குப் பலம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பாலாடைக்கட்டியைப் படித்துச் சிரித்து முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து இதையும் சொல்லுங்கள்.

ஐந்தாம்வகுப்பு_அம்மா, நியூ ஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. ஜாக்சன் விஷயத்தைக் கட்டாயம் பேசுவேன், அக்கா. வாஷிங்டன் கதையை நேற்று இரவு சொன்னேன். உடனே தாளை எடுத்து வண்டிச் சத்தத்தை மட்டும் ஒரு கட்டம் முழுக்க வரைந்தாள். அப்புறம் கேட்டாள், "அவ்வளவு கோபம் வந்தால் அவர்களை ஜெயிலில் போட வேண்டியதுதானே?" இதற்கு என்ன சொல்லட்டும், அண்ணா?

சனிக்கிழமை_கார்ட்டூன்

அருமையான கேள்வி! அவையில் பேசிய பேச்சுக்காக ஒரு செனட்டரை வெளியே யாரும் விசாரிக்க முடியாது. கூட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கைது செய்யவும் தடை உண்டு, தேசத்துரோகம் போன்ற குற்றங்கள் மட்டும் விலக்கு. அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே இது இருக்கிறது. அடுத்த கட்டத்தில் அந்தச் செனட்டர் வாஷிங்டனுக்கு எதிரில் பயமில்லாமல் நின்று பேசுவதை வரையச் சொல்லுங்கள்.